"செத்துப்போச்சு" என்று சொல்ல முதல் ஓர் அரை மணித்தியாலம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலோ கடையிலோ பாடசாலையிலோ ஓடாத கொம்பியூட்டர் ஒன்றை மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் என்றாலும் கடைசிவரை வாசியுங்கள். அப்படி ஒன்று இல்லாத வீடு எங்கள் பகுதியில் குறைவு என்றுதான் நினைக்கிறோம்.

போன மாதம் ஒரு பின்னேரம், பழைய இரும்பு எடுக்கிற நானா ஒருவர் ஒரு சிஸ்டம் யூனிட்டை வண்டியிலிருந்து இறக்கி எங்கள் முன்னால் வைத்தார். "சேர், இதை நிறுத்து வாங்கினனான். உடைச்சா கொஞ்சம் செம்பும் அலுமினியமும் வரும். உடைக்க முதல் உங்களிட்ட ஒருக்கா காட்டச் சொல்லி மகன் நிக்கிறான்" என்றார். மகன் எங்களிடம் பத்தாம் தரத்தில் படிக்கிறான்.

கரண்ட் கொடுத்தோம். உள்ளே விசிறி சுற்றியது. முன்னால் விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு. வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத்துத் தகட்டைத் திறந்தோம். ராமை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசைத் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பூட்டினோம். மறுபடி சுவிட்சைப் போட்டதும் திரை வந்தது. எல்லாமாக இருபது நிமிடம். செலவு ஒன்றும் இல்லை.

திரையில் ஒரு பிள்ளையின் உயர்தரப் பாடக் குறிப்புகள் வரிசையாக இருந்தன. மற்றவர்களுடைய வீட்டு விடயம் என்பதால் எதையும் திறக்காமல் நிறுத்திவிட்டோம். நானாவுக்கு எந்த வீட்டில் வாங்கியது என்று தெரியும். அன்று இரவே அவரே திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். நிறுத்துக் கொடுத்த காசை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகுதான் மிச்சக் கதை எங்களுக்குத் தெரியவந்தது. "மதர்போர்ட் போயிட்டுது, செத்துப்போச்சு, இனி இதுக்குச் செலவழிக்காதீங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பரீட்சை கிட்டுகிறது என்று உம்மா கைக்காப்பை அடகு வைத்துப் புது லெப்டொப் எடுத்துவிட்டார்.

பழைய மெஷின் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இந்தப் பதிவை எழுதவைத்தது அந்தக் காப்புத்தான். எங்கள் கருத்து ஒன்றே ஒன்று: சோதித்துப் பார்க்காமல் ஒரு கொம்பியூட்டரைச் செத்தது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கடைக்காரருக்கும் இல்லை, ஆசிரியர்களான எங்களுக்கும் இல்லை. அந்தச் சோதனையை எங்கள் பிள்ளைகளே செய்யப் பழக வேண்டும்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஆறு மெஷின்களில் 'பழுது' என்று கடதாசி ஒட்டியிருந்தது. ஒட்டியது நாங்கள்தான். அந்தக் கடதாசியின் பசை காய்ந்து உரியும்வரை நாங்களும் அவற்றைத் தொடவில்லை. ஒரு கீபோர்ட்டுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிள்ளை தட்டும், ஒரு பிள்ளை மவுசைப் பிடிக்கும், மூன்றாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த மூன்றாவது பிள்ளை பெரும்பாலும் அதே பிள்ளைதான். அமைதியான பிள்ளை, அல்லது வீட்டில் கொம்பியூட்டர் இல்லாத பிள்ளை.

'பழுது' என்றால் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போய் "உடம்பு பழுது" என்று யாராவது சொல்வார்களா? காய்ச்சலா, வயிற்றுவலியா, எப்போதிருந்து என்றுதான் டொக்டர் கேட்பார். மெஷினுக்கும் அதே முறைதான். முதல் கேள்வி இது: கரண்டே வரவில்லையா, அல்லது கரண்ட் வருகிறது, படம் மட்டும் வரவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். இரண்டையும் ஒரே கடதாசியால் மூடுவதால்தான் நல்ல மெஷின்கள் இரும்புக் கடைக்குப் போகின்றன.

கரண்டே வராத மெஷினை முதலில் பார்ப்போம். விசிறி சுற்றவில்லை, விளக்கு இல்லை, சத்தம் இல்லை. உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக்கில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள், கரண்ட் இருக்கிறதா என்று. பிறகு யு.பி.எஸ்ஸைக் கழற்றிவிட்டு மெஷினை நேரே சுவரில் கொடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த மாதங்களில் யு.பி.எஸ் பற்றரிகள் அடிமட்டம்வரை இறங்கி, சரியாகச் சார்ஜ் ஏறாமலே கிடந்தன. ஈய அமிலப் பற்றரி வெறுமையாகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் படிவு இறுகிவிடும், பிறகு அது மீளாது. பற்றரி செத்தால் சில யு.பி.எஸ்கள் சுவர்க் கரண்டையும் மெஷினுக்கு விடாது. அதைப் பார்த்துவிட்டு மெஷினைச் செத்தது என்கிறோம்.

அடுத்தது பவர் வயர். மொனிட்டருக்குப் போகும் வயரும் சிஸ்டம் யூனிட்டுக்குப் போகும் வயரும் பெரும்பாலும் ஒரே மாதிரி. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் கோடு, மற்றப் பக்கம் வட்டம். வட்டத்தின் பக்கம் அமத்தியிருந்தால் எத்தனை தரம் முன்பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கூட்டும்போதோ மேசையை நகர்த்தும்போதோ அது தட்டுப்படுவது சாதாரணம்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு நோயும் இருக்கிறது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவுகள் நல்ல மனத்தோடு பழைய மெஷின்களை அனுப்புகிறார்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட் அளவு. இங்கே 230. பழைய பவர் சப்ளைகளில் பின்னால் சிவப்பாக ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், அதில் 115 அல்லது 230 என்று தெரியும். 115 இல் இருக்கும்போது எங்கள் சுவரில் செருகினால் 'டமார்' என்று ஒரு சத்தமும் புகையும்தான் மிச்சம். பெட்டி வந்து இறங்கியதும் பிஸ்மில்லாஹ் சொல்லி முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவிட்சைத்தான். புதிய பவர் சப்ளைகளில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், அவை தானாகவே சரிசெய்துகொள்ளும். அப்படி வெடித்திருந்தாலும் பல தடவை போவது பவர் சப்ளை மட்டும்தான். அதை மாற்றினால் மெஷின் எழும்பக்கூடும். முழுப் பெட்டியையும் வீச வேண்டியதில்லை.

இதையெல்லாம் பார்த்தும் உயிர் வராவிட்டால், வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு முன்பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மிச்சக் கரண்ட் இறங்கும். பிறகு வயரைப் பூட்டிப் போட்டுப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். இடிமின்னலுக்குப் பிறகோ கரண்ட் போய்ப்போய் வந்த பிறகோ அடம்பிடிக்கும் சில மெஷின்கள் இதனாலேயே எழும்புகின்றன.

இப்போது இரண்டாவது நோய். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் இல்லை. இங்கே முதல் சந்தேகம் மொனிட்டர்மீது வர வேண்டும். மொனிட்டரின் விளக்கு நீலமா பச்சையா, அல்லது செம்மஞ்சளா? செம்மஞ்சள் என்றால் பெரும்பாலும் மொனிட்டர் உயிரோடுதான் இருக்கிறது, அதற்குப் படம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். படம் வரும் வயரை மொனிட்டரிலிருந்து கழற்றிப் பாருங்கள். "சிக்னல் இல்லை" என்ற மாதிரி ஏதாவது எழுத்து வந்தால் மொனிட்டர் நல்லது. எழுத்தும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் கோளாறு மொனிட்டர் பக்கம்.

வயரை எந்தத் துளையில் பூட்டியிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தனி கிராபிக்ஸ் கார்ட் போட்ட மெஷினில் பின்னால் இரண்டு இடத்தில் படத்துளை இருக்கும். மேலே மதர்போர்ட்டோடு சேர்ந்தது ஒன்று, கீழே கார்ட்டில் ஒன்று. கார்ட் இருக்கும்போது மேலே பூட்டினால் பல மெஷின்களில் திரை கறுப்பாகவே இருக்கும். வி.ஜி.ஏ வயரின் ஊசி வளைந்திருப்பதும், மொனிட்டர் வேறு துளையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நாங்கள் அடிக்கடி காண்பவை. எங்கள் ஆறு மெஷினில் ஒன்றுக்கு இருந்த நோய் அந்த வளைந்த ஊசிதான். அதற்காக அந்த மெஷின் இரண்டு தவணை கடதாசியோடு கிடந்தது.

மொனிட்டரும் வயரும் சரி, ஆனாலும் படம் இல்லை என்றால்தான் பெட்டியைத் திறக்கும் கட்டம். திறக்க முதல் சுவரிலிருந்து வயரைக் கழற்றுங்கள், சுவிட்சை அமத்தினால் மட்டும் போதாது. பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பை ஒருதரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின் இறங்கும், சில்லுகள் தப்பும். பிறகு ராம். எங்கள் குடாநாடு மூன்று பக்கமும் கடல். காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. ராமின் பற்களில் மெல்லிய அழுக்குப் படிந்தால் தொடுப்பு விடும், மெஷின் கண் விழிக்காது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், துளையையும் மாற்றிப் பாருங்கள். எங்கள் ஆறில் இரண்டு மெஷின் இந்த வைத்தியத்திலேயே எழும்பின.

காதையும் பாவியுங்கள். சின்ன ஸ்பீக்கர் உள்ள மெஷின்கள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லும். நிற்காமல் 'பீப் பீப்' என்றால் பெரும்பாலும் ராம். ஒரு நீளச் சத்தமும் இரண்டு சின்னச் சத்தமும் என்றால் பல பழைய மெஷின்களில் படம் தரும் பகுதி. கம்பனிக்குக் கம்பனி இது மாறும். ஆகவே மாதிரி இலக்கத்தையும் சத்தத்தையும் எழுதிவைத்து இணையத்தில் தேடுங்கள். சில மெஷின்கள் சத்தத்துக்குப் பதிலாக விளக்கை மினுக்கிச் சொல்லும்.

மதர்போர்ட்டில் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும். அதில் சி.ஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். ஒரு கொத்துரொட்டியின் விலைகூட இல்லை. மெஷின் கரண்டில் பூட்டியிருக்கும்போது அந்தப் பற்றரிக்கு வேலை குறைவு. வயரைக் கழற்றிப் பூட்டிவைத்தால்தான் நேரத்தையும் திகதியையும் காப்பாற்ற அது தனியாக உழைக்கும். 2020 மார்ச் நடுவில் பாடசாலைகள் மூடின. திறந்தன, மறுபடி மூடின. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடின. அந்தக் காலம் முழுவதும் கணினி அறைகள் பூட்டிக் கிடந்தன. பற்றரி வடிந்தது, ராமில் உப்பு ஏறியது, விசிறிக்குள் சிலந்தி கூடு கட்டியது, பவர் சப்ளைக்குள் பல்லி குடியேறியது. பாவித்துப் பழுதானதைவிடப் பாவிக்காமல் பழுதானது கூட என்றே நாங்கள் சொல்வோம். பற்றரி போன மெஷின் திகதியைப் பல வருடம் பின்னுக்குக் காட்டும், அல்லது எப் 1ஐ அழுத்தச் சொல்லி நிற்கும். சிலது படமே தராது. எங்கள் ஆறில் நாலாவது மெஷினுக்கு இதுதான் நோய்.

ஆறில் நாலு எழும்பியது. ஐந்தாவதில் பவர் சப்ளை போயிருந்தது. ஆறாவது உண்மையிலேயே செத்ததுதான். மதர்போர்ட்டில் நின்ற உருளைகளின் தலை உப்பி, பிசுபிசுவென்று ஏதோ கசிந்திருந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரம் குறைந்த கொண்டென்சர்களால் உலகம் முழுக்க ஏராளமான மெஷின்கள் இப்படித்தான் போயின. அந்த மெஷினுக்கும் மறுபடி கடதாசி ஒட்டினோம். ஆனால் இந்தமுறை கடதாசியில் காரணம் எழுதியிருக்கிறது. அதன் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் நல்லவை, அவை வேறு மெஷினுக்கு உதவும்.

இனிச் செய்யக் கூடாதவை. இதைப் பெரியவர்கள் கவனமாக வாசியுங்கள்.

பவர் சப்ளை என்ற அந்த இரும்புப் பெட்டிக்குள் யாரும் கை வைக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்னாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டும். வயரைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் உள்ளே தங்கி நிற்கும். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் சட்டம் இது: கழற்றலாம், மாற்றலாம், திறக்கக் கூடாது. பழைய குண்டு மொனிட்டர்களும் அப்படித்தான். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

படமே வராத மெஷினுக்கு 'போர்மட்' மருந்தல்ல. மெஷின் கண்ணே திறக்கவில்லை, விண்டோஸ் என்ன செய்யும்? திரையில் எழுத்து வந்து, "பூட் டிவைஸ் இல்லை" என்று நின்றால் முதலில் செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். மெஷின் அந்தப் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கலாம். போர்மட் செய்யத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், ஹார்ட் டிஸ்கில் உள்ளதை வேறு மெஷினில் பூட்டி எடுத்துத் தந்த பிறகு செய்யச் சொல்லுங்கள். மெஷின் எழும்பாததால் உள்ளே இருப்பது அழிந்துவிடுவதில்லை.

இதை எங்கள் சமூகத்துக்கு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 இல் எங்கள் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ், கலியாணப் படம் என்று பெட்டகத்தில் இருந்தவை அப்படியே போயின. புத்தளத்திலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு காணியை நிரூபிக்க எத்தனை கந்தோருக்கு ஏறி இறங்கினோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. அன்று பெட்டகத்தில் இருந்தது இன்று ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதை வாசித்துப் பார்க்காமல் நிறுத்து விற்பதும் போர்மட் செய்வதும் எங்கள் கையாலேயே நாங்கள் செய்யும் இழப்பு. வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்களும் அதில்தான் இருக்கின்றன. மெஷினைத் திருத்தக் கொடுக்கும்போது, ஹார்ட் டிஸ்க் தேவைப்படாத வேலை என்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு வயரும் நாலு ஸ்குரூவும்தான். இது கடைக்காரர்மீது சந்தேகம் அல்ல. அது அமானிதம், அதைக் காப்பது எங்கள் கடமை.

இதற்கு வரும் மறுப்புகளும் எங்களுக்குத் தெரியும்.

"பாடசாலைப் பொருள் அரசாங்கச் சொத்து. கழற்றி ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். இன்வென்டரிப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் புத்தகம் பொருள் களவு போகாமல் இருக்கத்தான், பொருள் உக்கிப் போவதற்கு அல்ல. அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில் திறந்து, எதை எதிலிருந்து எடுத்தோம் என்று குறித்து வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். உத்தரவாதக் காலம் முடியாத மெஷினைத் திறக்கவே வேண்டாம், அதை வாங்கிய இடத்துக்கே கொடுங்கள்.

"திருத்துகிற கடைக்காரர்களின் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்றும் ஒருவர் சொன்னார். இல்லை. நல்ல திருத்துநருக்கு வேலை குறையாது. "ஓடுது இல்லை" என்று கொண்டுபோகும் ஆளைவிட, "விசிறி சுற்றுது, படம் இல்லை, ராமை மாற்றிப் பார்த்தம், மொனிட்டர் நல்லது" என்று சொல்லிக் கொண்டுபோகும் ஆளைத்தான் அவரும் விரும்புவார். ஏமாற்ற நினைப்பவருக்குத்தான் அந்த வாடிக்கையாளர் பிடிக்காது.

"இந்தப் பழசைக் கட்டி அழாமல் புதுசு வாங்கினால் என்ன?" என்பது மூன்றாவது. வசதி உள்ளவர் வாங்கட்டும். ஆனால் 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் அதே ஆண்டு நடுவில் 360 வரை போனது. பிறகு 300 அளவுக்கு இறங்கினாலும், வெளியிலிருந்து வரும் பொருளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தட்டெழுதவும், கணக்குத்தாள் பழகவும், சாதாரண தரப் பிள்ளைக்கு பஸ்கால் நிரல் எழுதவும் பத்து வருடப் பழைய மெஷின் தாராளமாகக் காணும். அது வேலை செய்யக்கூடிய நிலையில் இரும்புக்குப் போனால், எங்கள் மார்க்கம் வெறுக்கிற வீண்விரயம் அதுதான்.

இந்த மண்ணுக்குத் திருத்திப் பாவிப்பது புதிது இல்லை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் இங்கே இருந்த தமிழ் உறவுகள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட காலம் அது. நாங்கள் அப்போது அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தோம். அங்கேயும் எதையும் வீசவில்லை. இரண்டு சமூகமும் வேறு வேறு இடத்தில் இருந்து படித்த பாடம் ஒன்றுதான். அதை எங்கள் பிள்ளைகள் படிக்காமல் போனால் பிழை எங்களுடையது.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, 'பழுது' என்ற கடதாசியை இனி எந்தப் பாடசாலையிலும் எந்தக் கந்தோரிலும் ஒட்ட வேண்டாம். ஒட்டுவதானால் மூன்று வரி எழுதுங்கள்: என்ன விளக்கு எரிந்தது, என்ன சத்தம் கேட்டது, எதை மாற்றிப் பார்த்தீர்கள். திகதியும் போடுங்கள். அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

இரண்டு, பூட்டிய அறையில் இருக்கும் மெஷினைக் கிழமைக்கு ஒருநாள் என்றாலும் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். இடிமின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அந்த மாதிரி நேரங்களிலும் அப்படித்தான். கரண்ட் திரும்பி வந்து ஐந்து பத்து நிமிடம் நிலைத்த பிறகு மெஷினைப் போடுங்கள்.

மூன்றாவது முக்கியமானது. இரும்புக்குப் போட முதல் எங்களிடம் ஒருதரம் காட்டுங்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு ஒரு மேசை போட்டு இருக்கப் போகிறோம். இடத்தையும் நேரத்தையும் அனுமதி கிடைத்ததும் இதே பக்கத்தில் அறிவிப்போம். காசு இல்லை. ஹார்ட் டிஸ்க்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், கழற்றத் தெரியாவிட்டால் உங்கள் கண் முன்னாலேயே கழற்றி உங்கள் கையில் தருவோம். எழும்பினால் கொண்டுபோங்கள். எழும்பாவிட்டால் ஏன் எழும்பவில்லை என்று எழுதித் தருவோம். அதைக் கொண்டு கடைக்குப் போகலாம். வீட்டில் தேவையில்லாத மெஷின் எழும்பினால், கொம்பியூட்டர் இல்லாத பிள்ளை ஒன்றுக்குக் கொடுக்க விருப்பமா என்று கேட்போம். கட்டாயம் இல்லை. ஸதகதுல் ஜாரியா என்று நினைப்பவர்கள் கொடுங்கள்.

அந்த ஆறு மெஷினையும் திறந்த நாளில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். நாலாவது மெஷினின் பற்றரியை மாற்றியது, எப்போதும் வேடிக்கை பார்க்கும் அந்த மூன்றாவது பிள்ளை. படம் வந்ததும் மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் கைதட்டவில்லை. "சேர், மற்றதையும் திறப்பமா?" என்று கேட்டாள்.

இரும்பு எடுக்கிற நானாமாரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டோம். முழுசாக ஒரு சிஸ்டம் யூனிட் வந்தால், உடைக்க முதல் எங்களுக்கு ஒரு கோல் எடுப்பார்கள். மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது.

பிரயோசனமாக இருந்தால் பகிருங்கள். உங்கள் வீட்டு மெஷினின் நோயைக் கீழே எழுதுங்கள், எங்களுக்குத் தெரிந்தால் சொல்வோம். 'ஓடுது இல்லை' என்று மட்டும் எழுத வேண்டாம்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.